ரோஜர் வில்லியம்ஸ் நாத்திகரா? ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு முன் தெரிய வேண்டும்

கல்மண்டபம் செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மொத்தம் 32 வீடு. இந்த வருஷம் நான்தான் சங்கப் பொருளாளர்.

வீட்டுக்கு மாதம் 2,200 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். லிஃப்ட், மோட்டார், வாட்ச்மேன் சம்பளம், தண்ணீர் லாரி எல்லாம் அதில்தான். பழைய கணக்கை வாங்கிப் பார்த்தால், போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திப் பந்தல், மைக் செட், அன்னதானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாயை இதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். நோட்டில் 'பொதுச் செலவு' என்று ஒரே வரி.

இப்போது மூன்று வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று முதல் மாடி முஸ்லிம் குடும்பம். இன்னொன்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அக்கா. மூன்றாவது எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர். அவர் வள்ளலார் வழி, வீட்டில் விளக்கு மட்டும்தான் ஏற்றுவார். "என் வழிபாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். லிஃப்டுக்குக் கொடுத்த காசைப் பந்தலுக்கு எடுக்க உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் பிள்ளையாரைக் கும்பிடாமல் வாசல் தாண்டாதவள். அதனால்தான் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் என் பையன், ரோஜர் வில்லியம்ஸ் என்று ஒருவர் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 400 வருஷத்துக்கு முன்பே இதைப் பேசியிருக்கிறார் என்கிறான். செயலாளரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். "அவர் சாமி இல்லை என்கிற கட்சி, அவர் பேச்சு நமக்கு எதற்கு?" என்றார். உண்மையில் அவர் யார்? கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசி எழுதியது:

அக்கா, கணக்குப் போட்டால் வீட்டுக்கு 560 ரூபாய்தான் வருகிறது. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டுமா? கிறிஸ்துமஸ் கேக், நோன்புக் கஞ்சி எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுத்தானே ஒன்றாக இருக்கிறோம். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கொண்டுவந்தால் முகம் பார்த்துப் பேச முடியாமல் போய்விடும்.

பனைமரத்தொட்டி போசன் எழுதியது:

செல்வி அம்மா, நான் 34 வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவன். டெக்கில் எடுபிடியாகச் சேர்ந்து போசனாக ஓய்வு பெற்றேன். போசன் என்றால் டெக் ஆட்களுக்கு மேஸ்திரி, பழைய ஆட்கள் செராங்கு என்பார்கள். ராயப்பர் கோவில் பங்கைச் சேர்ந்தவன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் விட்டுவிட மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2004ல் இரும்பு ஸ்கிராப் ஏற்ற எங்கள் கப்பல் பிராவிடன்ஸ் துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரம் அது. மாலுமிகளைப் பார்க்க வரும் ஒரு பெரியவர் எங்களில் நாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு மேட்டில் இருக்கும் ஒரு பூங்காவுக்குப் போனார். அங்கே ஊரைப் பார்த்தபடி ஒரு பெரிய கல் சிலை. இந்த ஊரை உண்டாக்கியவர், பெயர் ரோஜர் வில்லியம்ஸ் என்றார். கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார். அதை அட்லாண்டிக் தாண்டுவதற்குள் மூன்று முறை படித்தேன். காரணம், அதில் கப்பலைப் பற்றி ஒரு கடிதம் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் செயலாளர் சொன்னது. வில்லியம்ஸ் நாத்திகர் இல்லவே இல்லை. அவரைப் போலக் கடவுள் விஷயத்தில் விட்டுக்கொடுக்காத மனிதரை நான் படித்ததில்லை. லண்டனில் பிறந்தவர், தையல் வணிகர் மகன். சுருக்கெழுத்துத் தெரிந்த பையன் என்று எட்வர்ட் கோக் என்ற பெரிய நீதிபதி அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்புக்கும் வழி செய்தார். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுப் போதகரானார். 1630 டிசம்பரில் லயன் என்ற பாய்க்கப்பலில் ஏறி, 1631 பிப்ரவரியில் மாசச்சூசெட்ஸில் இறங்கினார். கூடவே மனைவி மேரி. அந்த மாதங்களில் வட அட்லாண்டிக் எப்படி இருக்கும் என்று கடலில் போனவர்களுக்குத் தெரியும். இருபதாயிரம் டன் இரும்புக் கப்பலிலேயே நாங்கள் கட்டிலோடு எங்களைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறோம்.

பாஸ்டன் சபை அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவர் மறுத்துவிட்டார். ஏன் தெரியுமா? நீங்கள் இன்னும் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையை முழுசாகக் கைவிடவில்லை, உங்களோடு நான் சேர மாட்டேன் என்றார். அவ்வளவு கறார். ஒரு கட்டத்தில் சொந்த மனைவியைத் தவிர யாரோடும் திருவிருந்தில் பங்கெடுக்க மாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டதாக அந்த ஊர் ஆளுநர் வின்த்ரோப் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர்தான் அரசாங்கத்துக்கு மனசாட்சி மேல் எந்த அதிகாரமும் கிடையாது என்று சொன்னார். பத்துக் கட்டளைகளில் முதல் நான்கு (எங்கள் கத்தோலிக்கக் கணக்கில் முதல் மூன்று) மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளவை. அவற்றை மீறியதற்காக எந்த நீதிபதியும் ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்றார். நம்பிக்கையில்லாதவனைக் கடவுள் பெயரில் சத்தியம் செய்யச் சொல்லாதே என்றார். சத்தியம் செய்வதும் ஒரு வழிபாடு, மனமில்லாதவனை அதில் தள்ளினால் அவனையும் பொய்யனாக்குகிறாய், கடவுள் பெயரையும் கெடுக்கிறாய் என்பது அவர் கட்சி. இன்னொன்றும் சொன்னார்: இந்த நிலம் பூர்வகுடிகளுடையது, இங்கிலாந்து ராஜா எழுதிக் கொடுத்த சாசனத்தால் அது உங்களுடையதாகிவிடாது. இதையும் பேசிய பிறகு அவரை விட்டு வைப்பார்களா?

1635 அக்டோபரில் மாசச்சூசெட்ஸ் பேரவை அவரை நாடு கடத்தியது. அப்போது சேலம் என்ற ஊரில் போதகராக இருந்தார். நம் சேலம் இல்லை, பாஸ்டனுக்கு வடக்கே உள்ளது. குளிர்காலம் முடியும்வரை இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். வீட்டில் வைத்தே பேசினார். பிடித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்ப ஆள் வந்தபோது வீட்டில் அவர் இல்லை. 1636 ஜனவரிப் பனியில் கால்நடையாகத் தெற்கே போய்விட்டார். பதினான்கு வாரம் ரொட்டியும் படுக்கையும் என்னவென்றே தெரியாமல் அலைந்ததாகப் பின்னால் எழுதினார். வாம்பனோக் என்ற பூர்வகுடி இனத்தார் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவர்கள் பேச்சை முன்பே கற்று வைத்திருந்தார். அதே வருஷம் நரகான்செட் தலைவர்கள் கனோனிக்கஸ், மியாண்டனோமி இருவரிடமும் நிலம் பெற்று ஊர் அமைத்தார். கடவுள் காத்ததால் பிராவிடன்ஸ் என்று பெயர். துரத்தியவர்கள் ஜெபிக்கிற கிறிஸ்தவர்கள். சேர்த்துக்கொண்டவர்கள் அவர் சமயத்தையே அறியாதவர்கள். இதை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அந்த ஊரில் குடியேறியவர்கள் 1637ல் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவோம், ஆனால் குடிமை விஷயங்களில் மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது, செல்வி அம்மா.

நீங்கள் பெண் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அவருடைய பக்கத்து வீட்டில் ஜோஷுவா வெரின் என்று ஒருவன். வில்லியம்ஸ் வீட்டில் நடக்கும் ஜெபக் கூட்டங்களுக்குப் போகக் கூடாது என்று தன் மனைவி ஜேனைத் தடுத்தான், அடித்தான். 1638 மே மாதம் ஊர்க் கூட்டத்தில் வழக்கு வந்தது. புருஷன் சொல்லைத்தானே மனைவி கேட்க வேண்டும் என்று அங்கேயும் சிலர் வாதாடினார்கள். முடிவில் வெரினுடைய ஓட்டுரிமையைப் பறித்தார்கள். குற்றம் என்னவென்றால், அடுத்தவர் மனசாட்சிச் சுதந்திரத்தைத் தடுத்தது. 1638ல்! அவன் சேலத்துக்கே திரும்பிப் போய்விட்டான்.

அப்புறம் அந்தச் சுவர். 1644ல் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தில், சபை ஒரு தோட்டம், உலகம் ஒரு காடு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலியில், பிரிக்கும் சுவரில் ஓட்டை விழுந்தால் கடவுளே அந்தச் சுவரை இடித்துத் தோட்டத்தைக் காடாக்கிவிடுவார் என்று எழுதினார். அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1802ல் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்று எழுதி அது பிரபலமானது, ஆனால் அதற்கு 158 வருஷம் முந்தியது இது. ஒன்றைக் கவனியுங்கள். வில்லியம்ஸ் பயந்தது தோட்டத்துக்காக. அதிகாரமும் பணமும் உள்ளே நுழைந்தால் பக்தி கெட்டுப்போகும் என்ற பயம். கட்டாய வழிபாடு கடவுளின் மூக்கில் நாறும் என்றே பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார். சாமி இல்லை என்கிறவர் எழுதுகிற வரியா இது?

அதே 1644ல் மதத்துக்காகத் துன்புறுத்துவதை எதிர்த்துப் பெரிய புத்தகமும் போட்டார். துன்புறுத்தலின் இரத்தக் கொள்கை என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். யூதர், துருக்கியர் (அந்தக் காலத்தில் முஸ்லிம்களை அப்படித்தான் சொல்வார்கள்), கிறிஸ்துவை ஏற்காதவர் எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் வேண்டும் என்றது. லண்டன் பாராளுமன்றம் அதைப் பொது இடத்தில் எரிக்கச் சொன்னது.

இப்போது கப்பல். 1655ல் பிராவிடன்ஸில் சிலர், யாரையும் எதற்கும் ஊர் தண்டிப்பதே வேதத்துக்கு விரோதம் என்று கிளம்பினார்கள். அவர்களுக்கு வில்லியம்ஸ் எழுதிய கடிதம் இது. என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு கப்பலில் பல நூறு பேர் போகிறார்கள். போப்பைச் சேர்ந்தவர், புரொட்டஸ்டன்ட், யூதர், துருக்கியர் எல்லோரும் இருக்கிறார்கள். கப்பலில் நடக்கும் ஜெபத்துக்கு யாரையும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவரவர் ஜெபத்தையும் தடுக்கக் கூடாது. ஆனால் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேப்டன்தான் சொல்வார். நியாயம், அமைதி, ஒழுங்கு ஆகியவற்றைக் காப்பதும் அவர் பொறுப்பு. கூலி கொடுக்க மாட்டேன், வேலை செய்ய மாட்டேன், கப்பல் சட்டத்தை மதிக்க மாட்டேன் என்று ஒருவன் நின்றால் கேப்டன் அவனைத் தண்டிக்கலாம்.

இதைப் படித்தபோது என் கப்பலையே பார்த்து எழுதியதுபோல இருந்தது. எங்கள் கேப்டன் சர்தார்ஜி. சீஃப் இன்ஜினியர் உக்ரைன்காரர். சமையல்காரர் சிட்டகாங் முஸ்லிம். ஆயில்மேன்கள் மணிலாவிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். நோன்பு மாதத்தில் சமையல்காரருக்காக வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மெஸ்ஸில் ஜெபமாலை சொல்வோம், வேண்டாதவன் டெக்கில் பீடி குடிப்பான். ஒரு நாள் நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவசர மணி அடித்தது. வயதான ஒருவர், ஜெபமாலையில் இந்தப் பத்து மணிகளையும் உருட்டி முடித்துவிட்டுப் போகலாம் என்றார். நானும் உட்கார்ந்துவிட்டேன். படகுத் தளத்துக்கு இரண்டு நிமிஷம் தாமதமாகப் போனோம். கேப்டன் எங்கள் பேரை லாக் புத்தகத்தில் எழுதினார். அவர் செய்தது சரி. தீ பிடித்தால் என் ஜெபமாலைக்காக அது காத்திருக்காது.

வேறு மாதிரிக் கப்பலிலும் இருந்திருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு கப்பலில் பண்டிகைக்கு எல்லோர் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். கேட்டவனுக்கு அடுத்த வாரம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டும் வேலை. நான் கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். நாற்பது வருஷமாக அந்தப் பத்து டாலர் என் நெஞ்சில் இருக்கிறது. பணம் போனதற்காகச் சொல்லவில்லை. கேட்காமல் இருந்ததற்காகச் சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டைத் தம்பி, 560 ரூபாய்தானே என்கிறீர்கள். கேக்கும் கஞ்சியும் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார், வாங்குபவர் மனமுவந்து வாங்குகிறார். கேட்காமல் பிடித்துக்கொள்வது அந்த உறவையே கெடுக்கும். அந்தக் காலத்து மாசச்சூசெட்ஸில் போதகர் சம்பளத்துக்கு ஊரெல்லாம் வரி கொடுக்க வேண்டும், நம்பினாலும் நம்பாவிட்டாலும். அந்த ஏற்பாடு முழுசாக ஒழிந்தது 1833ல்தான். ரோட் ஐலண்டில் சபை வரியே கிடையாது. வில்லியம்ஸ் பூர்வகுடிகளோடு வியாபாரம் செய்து பிழைத்தார், பிரசங்கத்துக்குக் கூலி வாங்குவதையே எதிர்த்து எழுதினார். 1651ல் ஊருக்காக லண்டன் போகச் செலவுக்குத் தன் வியாபாரக் கூடத்தையே விற்றார்.

கடைசியாக, எனக்கு ரொம்ப முக்கியமானது. வில்லியம்ஸ் என்னைப் போன்ற கத்தோலிக்கரைப் பற்றி நல்லதாக நினைக்கவில்லை. போப்பை அந்திக்கிறிஸ்து என்றே நம்பினார். படித்தபோது வலித்தது. ஆனால் தன் கப்பலில் முதல் ஆளாக என்னைத்தான் ஏற்றியிருக்கிறார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரையும் அவருக்குப் பிடிக்காது. பாஸ்டனில் 1659லிருந்து 1661க்குள் நாலு குவேக்கர்களைத் தூக்கில் போட்டார்கள், அதில் மேரி டயர் ஒரு பெண். அவர்களை ஊருக்குள் விடாதே என்று பக்கத்துக் குடியேற்றங்கள் மிரட்டியபோது ரோட் ஐலண்ட் மறுத்தது. வில்லியம்ஸ் என்ன செய்தார்? 1672ல், எழுபதை நெருங்கும் வயதில், குவேக்கர்களோடு வாதம் செய்ய நியூபோர்ட் வரை கிட்டத்தட்ட 30 மைல் தானே துடுப்புப் போட்டுப் போனார். மூன்று நாள் அங்கே வாதாடினார். உன் நம்பிக்கை தவறு என்று உரக்கச் சொன்னார். அதற்கு மேல் அவர்கள் மேல் கை வைக்கவில்லை. காசிமேட்டில் துடுப்புப் பிடித்தவனைக் கேளுங்கள், 30 மைல் என்றால் என்னவென்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் யோசனை: லிஃப்ட், மோட்டார், வாட்ச்மேன் இதெல்லாம் கப்பல் கூலி, கொடுக்காதவனை விடாதீர்கள். பந்தல் என்பது கப்பலில் நடக்கும் ஜெபம் மாதிரி. அதற்குத் தனி ரசீதுப் புத்தகம் போடுங்கள். பிள்ளையார் பக்தையான நீங்கள் இதைச் சொன்னால்தான் எடுபடும்.

மண்ணடி வரலாற்று வாத்தியார் எழுதியது:

போசன் அண்ணன் எழுதியதைப் படித்ததும், அதே வருஷங்களில் நம் ஊரில் நடந்தது நினைவுக்கு வந்தது. நம் புனித ஜார்ஜ் கோட்டை 1639ல் தொடங்கியது, பிராவிடன்ஸுக்கு மூன்று வருஷம் இளையது. 1642ல் எஃப்ரேம் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி இங்கே வந்தார். கோட்டைப் பக்கம் நிறைய போர்த்துகீசியக் கத்தோலிக்கர்கள் குடியிருந்தார்கள். அவர்களைத் தக்கவைக்க வேண்டும் என்பதால் புரொட்டஸ்டன்ட்காரர்களான ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இருக்கச் சொன்னது, கோவிலுக்கும் இடம் தந்தது. 1649ல் அவர் சாந்தோம் போனபோது, அங்கிருந்த போர்த்துகீசியர் பிடித்துக் கோவாவில் சமய விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தார்கள். கத்தோலிக்கத் துறவியைச் சிறை வைத்ததும் கத்தோலிக்கர்களே. வெளியே வந்து மறுபடி நம் ஊருக்கே திரும்பினார். ஆர்மீனியன் தெருவில் இருக்கும் மரியன்னை ஆலயம் அந்தக் கப்புச்சின்கள் வழி வந்ததுதான்.

ஆனால் கம்பெனி கொடுத்தது அனுமதி, உரிமை கிடையாது. வியாபாரத்துக்கு லாபம் என்பதால் கொடுத்தார்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749ல் திரும்பக் கிடைத்ததும், கத்தோலிக்கக் குருக்கள் எதிரிக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார்கள். கோட்டைக்குள் இருந்த அவர்கள் கோவில் இடிக்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் வேப்பேரியில் கட்டிய சிற்றாலயத்தையும் எடுத்து புரொட்டஸ்டன்ட் மிஷனரிகளிடம் கொடுத்தார்கள். நூறு வருஷம் அனுபவித்த சலுகை ஒரு போரில் போய்விட்டது.

ரோட் ஐலண்டில் 1663ல் ஜான் கிளார்க் என்பவர் அந்தக் குடியேற்றத்துக்காக வாங்கிய அரச சாசனத்தில், மத விஷயத்தில் வேறு கருத்து உள்ளவர் என்பதற்காக யாரையும் தொந்தரவு செய்யவோ தண்டிக்கவோ விசாரிக்கவோ கூடாது என்று எழுதியே இருந்தது. செல்வி, உங்கள் சங்கத்திலும் இதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். அடுத்த வருஷம் வேறு பொருளாளர் வருவார். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

மேற்கு மாதா கோவில் தெருவில் நடந்தால் ராயப்பர் கோவிலும் பார்சிகளின் அக்னி ஆலயமும் கிட்டக்கிட்ட வருகிறதே, அதை ஒருமுறை உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அக்னி ஆலயத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் போதும்.

பிராட்வே வக்கீலம்மா எழுதியது:

செல்வி அக்கா, சட்டப் பக்கம் சுருக்கமாக. நம் அரசியலமைப்பின் 27வது பிரிவு, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கவென்றே ஒதுக்கும் வரியைக் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 28(3), அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையை, சம்மதமில்லாமல் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. இவை அரசு வசூலிக்கும் வரிக்கும் கல்வி நிலையங்களுக்கும் பொருந்துபவை. உங்கள் சங்கம் அரசு அல்ல என்பதால் கூட்டத்தில் 27ஐ நேரடியாக நீட்டாதீர்கள், எதிராளி மடக்கிவிடுவார். உங்கள் துணைவிதியில் பராமரிப்புக் கட்டணம் எதற்கு என்று எழுதியிருக்கிறதோ அதைப் படித்துக் காட்டுங்கள். அதுவே போதும்.

வில்லியம்ஸைப் பற்றி ஒன்று. அவரை நானும் மதிக்கிறேன். ஆனால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். 1675, 76ல் பூர்வகுடிகளோடு பெரிய போர் நடந்தது. 1676 மார்ச்சில் பிராவிடன்ஸ் எரிந்தது, அவர் வீடும் சேர்ந்து எரிந்தது. போர் முடிந்தபின், பிடிபட்ட பூர்வகுடிகளை வருஷக்கணக்கில் ஊழியத்துக்கு விற்ற ஊர்க் குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். மனசாட்சிக்குச் சுவர் கட்டியவர், உடம்பை விற்கும்போது ஏன் நிற்கவில்லை? உங்கள் பையனுக்கு இதையும் சொல்லுங்கள்.

பனைமரத்தொட்டி போசன் எழுதியது:

வக்கீலம்மா, நீங்கள் சொன்னது உண்மை. நான் எழுதாமல் விட்டது தவறு. பிராவிடன்ஸில் கிடைத்த சின்னப் புத்தகத்தில் அது இல்லை. பின்னால் என் பேத்தி தேடிக் கொடுத்துப் படித்தேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. பூர்வகுடிகளின் மொழிக்கு 1643ல் ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதியவர் அவர். வீட்டுக்கு வருபவரை எப்படி உபசரிப்பார்கள், தூங்கும்முன் என்ன பேசுவார்கள் என்று அவ்வளவு அன்போடு எழுதியிருப்பார். அந்தக் கையே அந்தக் குழுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. வீடு எரிந்தது, வயது எழுபதுக்கு மேல், ஊரே பயந்திருந்தது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். கப்பல் கடிதத்தை எழுதியவருக்கு அவர்களும் அதே கப்பலில் வந்தவர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடிதத்தை நான் கைவிடவில்லை. அவரை வைத்தே அவரையும் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

கல்மண்டபம் செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது. 26 வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் லிஃப்ட் ரிப்பேரிலேயே போனது, அப்புறம்தான் நம் விஷயம்.

போசன் அய்யா சொன்ன கப்பல் கதையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். கை நடுங்கியது. செயலாளர், "இங்கே கேப்டன் யார்? நீங்களா?" என்று கேட்டார். கேப்டன் துணைவிதி, 9வது விதியைப் படியுங்கள் என்று புத்தகத்தைக் கொடுத்தேன். வக்கீலம்மாவுக்கு நன்றி. நாத்திகர் பேச்சு என்று இன்னொருவர் ஆரம்பித்தார். பனியில் நடந்ததையும், ராஜாவுக்கு நிலம் சொந்தமில்லை என்று சொன்னதையும் சொன்னேன். ஜேன் வெரின் கதையைச் சொன்னபோது பெண்கள் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. மூன்றாவது மாடி அக்கா மட்டும், அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டார்.

கை தூக்கச் சொன்னோம். 17 பேர் தனி வசூலுக்கு, 9 பேர் பழையபடியே. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். போன வருஷத்து 18,000 ரூபாயைத் திருப்புவது பற்றி முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். செயலாளர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல விளக்கேற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வில்லியம்ஸ் அந்த விற்பனைக் குழுவில் இருந்ததைப் பையனிடம் சொன்னேன், வக்கீலம்மா. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி வந்து, அந்தக் கப்பல் கடிதத்தை முழுசாகத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று போசன் தாத்தாவைக் கேள் என்றான். முடியுமா அய்யா?

மிண்ட் பக்கம் ஒரு அச்சகத்தில் பந்தல் ரசீதுப் புத்தகம் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை வந்துவிடும். 001ஆம் எண் ரசீது என் பெயருக்கு.